காலுக்கு வேலையில்லாத வண்டி

சங்கரலிங்கத்துக்கு ஹாஜா நஜ்முதீன் மேல் ஒரு கோபம் உண்டு. நேற்று முந்தாநாள் வந்த கோபம் இல்லை, இருபது வருசமாக உள்ளே கிடக்கிறது. வேலை மும்முரத்தில் மறந்த மாதிரி இருக்கும். பட்டறை வாசலில் நின்று நிமிர்ந்து போர்டைப் பார்த்தால் போதும், கிளம்பிவிடும்.

ரெண்டு பேரும் அருப்புக்கோட்டையில் இரும்பு கடைகிற ஒரே லேத்துப் பட்டறையில் வேலை பழகினவர்கள். ஒரு சோத்துப் பொட்டலத்தைப் பிரித்து ரெண்டு பேரும் தின்ற காலம் அது. நாமே தனியாகப் பட்டறை போடுவோம் என்று பேசி, பந்தல்குடி ரோட்டில் இடம் பிடித்து, போர்டும் எழுதி வந்துவிட்டது. பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து: 'சங்கர் – ஹாஜா லேத் ஒர்க்ஸ்'. அதை மாட்டுவதற்காகச் சங்கரலிங்கம் ஏணியும் கயிறுமாகக் காலையிலேயே வந்து காத்திருந்தான். ஹாஜா வரவில்லை. மத்தியானம் ஆயிற்று, வரவில்லை. பொழுது சாயும்போது திருச்சுழி பஸ்ஸு கண்டக்டர்தான் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"உன் கூட்டாளி குவைத்துக்குப் போயிட்டாப்லய்யா. நேத்தே மதுரையில போயி வழியனுப்பிட்டு வந்துட்டாக. ஒனக்குத் தெரியாதா?"

ஒனக்குத் தெரியாதா! பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் கடைக்குப் போய் ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்து ஹாஜா பேர் மேல் இழுத்துவிட்டான். ஈரம் காயுமுன்னே ஏணியில் ஏறித் தனியாகவே போர்டை மாட்டினான். பிழைக்கப் போனான், அது தப்பில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் கோபம்.

போன ஹாஜா பாலைவனத்தில் ஒரு ஜெனரேட்டர் ரூமுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்து வர இத்தனை வருசம் ஆயிற்று. வரும்போது அவனிடம் இருந்தது திருச்சுழியில் ஒரு வீடு, மகள் சமீனாவைக் கட்டிக் கொடுத்துவிட்ட நிம்மதி, உடம்பு பூராவும் சக்கரை. வீட்டில் சும்மா இருக்கவில்லை. பருத்திக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் மருந்தடிக்கிற மிசின், களை வெட்டுகிற மிசின் இதுகளை ரிப்பேர் பார்க்க ஒரு பைக்கில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினான். பரளச்சிப் பக்கமும் நரிக்குடிப் பக்கமும் வரப்பில் நின்று "ஏ மெக்கானிக் பாய்!" என்று கூப்பிட்டால் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் சாக்கை விரித்துவிடுவான். சங்கரலிங்கத்தின் பட்டறைக்கும் எப்போதாவது ஒரு ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருவான். வேற்று ஆளுக்குச் செய்கிற மாதிரிச் செய்து கொடுப்பான் சங்கரலிங்கம். உட்காரச் சொன்னதில்லை.

அப்படி இருக்கையில் மாசி மாசத்தில் ஒரு நாள் ஹாஜா ஒரு பெரிய சைக்கிள் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தான்.

"ஏலே லிங்கம், என் பேரு மேல பெயிண்ட் அடிச்சதுதான் அடிச்ச, ரெண்டு கோட்டு அடிக்கக் கூடாதா? வெயில்ல வெளுத்து 'ஜா' மட்டும் தெரியுது பாரு."

"பெயிண்ட் சரியில்ல. என்ன வேலை?"

ஹாஜா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். சைக்கிள் மாதிரியும் இருந்தது, மோட்டார் சைக்கிள் மாதிரியும் இருந்தது. ஒல்லியான சைக்கிள் உடம்பு, நடுவில் சின்ன எஞ்சின், மேல் கம்பிக்குக் கீழே தொங்குகிற நீளமான டேங்கு, எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட். நூறு வருசத்துக்கு முந்தின வண்டி. குவைத்தில் முதலாளி ஒரு கொட்டகை நிறைய இந்த மாதிரிப் பழசாக வாங்கி நிறுத்தியிருந்தாராம். லீவு நாளில் அதுகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்டார்ட் பண்ணி வைக்கிற வேலை ஹாஜாவுக்கு.

"இதே மாதிரி ஒண்ணை வீட்டுல வச்சே செய்யிறேன். பெரிய சைக்கிளு கெடச்சுருச்சு. எஞ்சினு, மருந்தடிக்கிற மிசின்ல கழட்டுனது. டேங்கு தகட்டுல அடிச்சுட்டேன். பெல்ட்டுக்கு இருக்கவே இருக்கு ஒங்க ஊரு தறி பெல்ட்டு. பெல்ட்டு ஓடுற புல்லி ரெண்டும் நீதான் கடைஞ்சு தரணும். பெருசு இந்தச் சக்கரத்துல உக்காரணும்."

"எதுக்கு? சினிமாக்காரனுக்கு வாடகைக்கு விடப் போறியா?"

"ஓட்ட."

"பைக்கு இருக்குல்ல?"

"இருக்கு" என்றான் ஹாஜா.

அப்போதுதான் சங்கரலிங்கம் அவன் காலைப் பார்த்தான். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் கால்.

"ஒத்தச் செருப்போட வாரியே, இன்னொண்ணு எங்கலே?"

ஹாஜா குனிந்து, அடுத்தவன் காலைப் பார்க்கிற மாதிரித் தன் காலைப் பார்த்தான். "அட, பஸ்ஸு படியிலயே கழண்டுருச்சு போல" என்று சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவன் போன பிறகு லேத்துப் பக்கம் தரையில் சிவப்பாக அரைப்பாதம் அரைப்பாதமாகத் தடம். கடைசலில் விழுந்த இரும்புச் சுருள் ஒன்று ரத்தத்தோடு கிடந்தது. அது காலில் ஏறினால் எருமைகூடக் கத்தும். அவன் ஒரு 'ஸ்' கூடச் சொல்லவில்லை. சங்கரலிங்கம் அதைக் கூட்டி ஒதுக்கினான். கேட்கலாம் என்று போனை எடுத்தான். அவன் சொல்லாததை நாம் எதற்குக் கேட்க என்று வைத்துவிட்டான்.

புல்லி ரெண்டையும் கடைந்து சாக்கில் போட்டுக்கொண்டு அவனே திருச்சுழிக்குப் பஸ் ஏறினான். ஹாஜாவுக்காக இல்லை. தான் கடைந்த புல்லி சக்கரத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் கஸ்தூரியிடம் சொன்னான். கஸ்தூரி அவன் பெண்டாட்டி. அவள் உதட்டைச் சுழித்ததோடு சரி.

ஹாஜா வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே வண்டி ஸ்டாண்டில் நின்றது. அசந்துதான் போனான் சங்கரலிங்கம். டேங்கை எண்ணெய் டின் தகட்டில் அடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான் ஹாஜா. ஒரு சொட்டை இல்லை. ஹாஜா ஒவ்வொன்றாகக் காட்டினான். எஞ்சினுக்கு எண்ணெய் கூட்டிக் குறைக்க ஹேண்டில்பாரில் ஒரு குச்சி. பெல்ட்டை ஒரு உருளை அமுக்கும், அதற்குக் கையில் ஒரு நெம்புக் கம்பி. அமுக்கினால் வண்டி நகரும், விட்டால் எஞ்சின் சும்மா சுத்தும். முன் பிரேக்கு, பின் பிரேக்கு ரெண்டும் கம்பி பிரேக்கு, ரெண்டும் கையில்.

"பெடலு?"

"மொதல்ல நாலு மிதி மிதிச்சு உருட்டணும். பெறகு பெடல் மேல காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். காலுக்கு வேலையே இல்ல."

புகைக் குழாயை எந்தப் பக்கம் விடுவது என்று பேச்சு வந்தது. படத்தில் இடது பக்கம் பெடலை ஒட்டிப் போயிருந்தது. அதே மாதிரியே வேண்டும் என்றான் ஹாஜா. சங்கரலிங்கம் குழாயைச் சூடு காட்டி வளைத்து வைத்துப் பார்த்தான்.

"ரொம்ப ஒட்டி வருதே. காலைச் சுடாதா?"

"சுட்டா எடுத்துக்க மாட்டேனா?" என்றான் ஹாஜா.

சரிதானே, சுட்டால் யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வான். சங்கரலிங்கம் போல்ட்டை முடுக்கினான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஹாஜா கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனான். அதற்காகவே காத்திருந்த மாதிரி அவன் மனைவி அப்ரோஸ் பேகம் தேத்தண்ணி கிளாஸோடு வந்தாள். கொடுத்தவள் போகவில்லை.

"அண்ணே, புல்லி சரியா வரலைன்னு சொல்லிருங்கண்ணே."

"என்னம்மா சொல்ற? நூல் பிடிச்ச மாதிரில்ல வந்துருக்கு."

"வரலைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுருவாக." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவுகளுக்குக் காலு ரெண்டும் மரத்துப்போச்சுண்ணே. இடது காலு சுத்தமா. போன வருசம் சீமைக்கருவேல முள்ளு செருப்போட சேத்துத் தச்சுருக்கு. நாள் பூரா அதோடயே நடந்துருக்காக. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டப் போனா, செருப்பு கழலல. அந்தப் புண்ணு ஆற ஆறு மாசம். பெறகு பிரேக்கை மிதிக்கிறதா நெனச்சு வெறும் கம்பியை மிதிச்சு, பைக்கோட போயி ஒரு சுவத்துல முட்டிட்டாக. டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, இனி ஒரு புண்ணு வந்துச்சுன்னா விரலோட நிக்காதுன்னு. பைக்குச் சாவி எங்கிட்டதான் இருக்கு. அதுக்குத்தான் இந்த வண்டி."

சங்கரலிங்கம் கிளாஸைக் கீழே வைத்தான். ஒத்தச் செருப்பும், ரத்தத் தடமும், அந்த அதிகப்படிச் சிரிப்பும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஹாஜா திரும்பி வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டான்.

"காலு மரத்துப்போச்சாமே?"

ஹாஜா தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான். "சொல்லிட்டாளா."

"அவ சொல்லிட்டா. நீ சொல்லல. நீ என்னைக்குலே என்ட்ட எதைச் சொல்லியிருக்க?"

அதில் வேறு ஒன்றும் கலந்திருந்தது ரெண்டு பேருக்குமே தெரிந்தது. ஹாஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கையில பிரேக்கு வேணும்னா ஸ்கூட்டி வாங்கித் தொலைக்க வேண்டியதுதான? என்னத்துக்கு இந்தக் காயலாங்கடையை உருட்டுற?"

"ஓட்டிப் பாத்துட்டேன்லே. சமீனா ஸ்கூட்டி. நிறுத்துனா காலை ஊனணும்ல? ஊனுனது தரையா, கல்லா, பள்ளமான்னு காலு சொல்ல மாட்டேங்குது. அம்புட்டுக் கனமும் எம்மேல சாஞ்சுருச்சு. இது சாஞ்சா ஒத்தக் கையில தள்ளிவிட்டு எந்திரிச்சுருவேன். அந்தச் சின்னச் சக்கரம் கரிசக் காட்டுல போகவும் செய்யாது."

"போலீஸ்காரன் பிடிப்பான்."

"மெயின் ரோட்டுக்கு நான் எதுக்குப் போறேன்? எல்லாம் காட்டு வழி."

"சரி, சும்மா வீட்டுல உக்காந்தாத்தான் என்ன? மக இருக்கா, மருமகன் இருக்காரு. யாரு உன்னைய ஓடச் சொல்றா?"

ஹாஜா கையை நீட்டி டேங்கைத் தடவினான். "அங்க ஒரு ரூமுலே. நாலு சுவரு, ஒரு ஜெனரேட்டரு. அது ஓடுதா ஓடுதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். பேச ஆளு கெடையாது. நானே என்னையத் தமிழ்ல திட்டிக்குவேன், பாஷை மறந்துரக் கூடாதுன்னு. இங்க வந்து, ஏ மெக்கானிக் பாய்னு ஒருத்தன் வரப்புல நின்னு கத்துனான் பாரு, அன்னைக்குத்தான் ஊருக்கு வந்தேன். இனி உக்கார என்னால ஏலாது."

சங்கரலிங்கம் எழுந்து பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"புல்லி லேசா ஆடுது. கழட்டிக் குடு."

அடுக்களை வாசலில் நின்ற அப்ரோஸ் முகம் தெளிந்தது. தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். சங்கரலிங்கத்தால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. முதலில் கண்ணில் படாத அந்த மயிரிழை ஆட்டத்தை அவன் நிஜமாகவே சரி பண்ணத்தான் கேட்டான்.

அன்றையிலிருந்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பவர்லூம்காரர்கள் கொடுத்த வேலையை ஓரமாகப் போட்டான். சைக்கிள் உடம்பையே பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டான். சீட்டில் ஹாஜா கனத்துக்குத் தறி இரும்பைக் கட்டி வேகத்தடையில் ஏற்றி இறக்கினான். கைலி மாட்டாமலிருக்க பெல்ட்டுக்கு ஒரு தகடு, செயினுக்கு ஒரு தகடு. பெடலிலிருந்து கால் நழுவினால் அவனுக்குத் தெரியாதே என்று பெடலுக்கு ரெண்டு வாரும் தைத்தான், பாதத்தை உள்ளே செருகினால் அசையாது.

"இருபது வருசமா ஹாஜாங்கிற பேரைச் சொன்னாலே சோத்துத் தட்டைத் தள்ளி வைப்பீக" என்றாள் கஸ்தூரி. "இப்ப தட்டுல கையை வச்சுக்கிட்டே ஹாஜா காலு, ஹாஜா காலுங்கிறீக."

"கிறுக்குப்பய விழுந்து தொலைச்சான்னா அப்ரோஸ் மூஞ்சியில நான் எப்படிடி முழிக்க?"

"அப்பச் செஞ்சு குடுக்காதீக."

"செஞ்சு குடுக்கலைன்னா அவனே அரைகுறையாச் செஞ்சு ஓட்டுவான்."

"ஆக, எப்படியும் ஓட்டுவாக. நீங்க எப்படியும் பயப்படுவீக. சாப்பிடுங்க."

பங்குனியில் வண்டி முடிந்தது. கறுப்புப் பெயிண்ட், டேங்கில் மட்டும் ஒரு பொன் கோடு. காலையில் வெயில் ஏறுமுன்னே கிளம்புவதாகப் பேச்சு. சங்கரலிங்கம் தன் மொபெட்டில் திருச்சுழிக்குப் போய் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தான். ஹாஜா பிஸ்மில்லா சொல்லி அதன் மேல் ஏற்றினான். அப்ரோஸ் ரெண்டு கையையும் ஏந்தித் துஆ ஓதினாள். சங்கரலிங்கம் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

நாலு மிதி. நெம்பை அமுக்கினான். ரெண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. டப்டப்டப் என்று ஒரு சத்தம். சங்கரலிங்கம் தன் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனான்.

அவன் கண் வேறெங்கும் போகவில்லை. பெல்ட் விலகுகிறதா, சக்கரம் கோட்டம் அடிக்கிறதா, ஹாஜாவின் முதுகு சாய்கிறதா என்றே பார்த்துக்கொண்டு போனான். கண்மாய்க் கரையைத் தாண்டி, கரிமூட்டப் புகைக்குள் நுழைந்து, வேலிமரத்துக்கு நடுவே பாதை வளைந்தது. வளைவில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே புகுந்தது. சங்கரலிங்கம் "ஏலே!" என்று கத்தியே விட்டான். ஹாஜா நெம்பை விட்டான், ரெண்டு பிரேக்கையும் பிடித்தான். வண்டி முழம் தூரத்தில் நின்றது. இடது பாதத்தை வாரிலிருந்து உருவ நேரமில்லை. வலது காலை மட்டும் ஊன்றி, மெதுவாகச் சாய்ந்து நின்றான். மந்தை போகிற வரைக்கும் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்து, பல் தெரியச் சிரித்தான்.

"பிரேக்கு பாத்தியாலே?"

சங்கரலிங்கம் கையை ஆட்டினான். "முன்னாடி பாருடா" என்றான். ஆனால் அந்த நிமிசத்தில் அவனுக்கும் தைரியம் வந்தது. முடியும்போலத்தான் இருக்கிறது என்று பட்டது.

பரளச்சிப் பக்கம் ஒரு சோளக் காட்டில் நாலைந்து பேர் ஓடி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"மெக்கானிக் பாய், எங்க போயிட்டீக இத்தனை நாளா? என்ன இது, சைக்கிளுக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது?"

"மாசமா இருக்கு. பெத்தா உனக்கு ஒண்ணு தாரேன்" என்றான் ஹாஜா.

மரத்தடியில் சாக்கை விரித்து ஒரு மருந்து மிசினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தான். சங்கரலிங்கம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக்கு வந்து சிரிக்கிற ஹாஜா வேறு, இவன் வேறு. இவன் சத்தமாகப் பேசினான், ஆளாளுக்குப் பட்டப்பேர் சொல்லித் திட்டினான், வெங்காயத்தைக் கடித்துக் கூழ் வாங்கிக் குடித்தான். மிசின் ஓடியதும் அதைத் தன் குழந்தை மாதிரித் தட்டிக் கொடுத்தான். இதற்காகத்தான் இவ்வளவு பாடா என்று நினைத்தான் சங்கரலிங்கம். இதற்காகப் படலாம்தான் என்றும் நினைத்தான்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் சங்கரலிங்கத்துக்கு ஒரு வாடை அடித்தது. ரப்பர் தீய்கிற வாடை. பெல்ட் வழுக்குகிறது என்று அவன் மனசு உடனே சொன்னது. ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னான். ஹாஜா எஞ்சினை அணைத்து, வாரிலிருந்து பாதங்களை உருவி இறங்கினான். ரெண்டு பேரும் குனிந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். உருளையைத் தொட்டார்கள். டயரைத் தொட்டார்கள். வயர் எதுவும் உரசுகிறதா என்று தடவினார்கள்.

"எங்கலே தீயுது?" என்று கேட்டுக்கொண்டே ஹாஜா மூக்கை உறிஞ்சினான்.

வாடை போகவில்லை. குனிந்திருந்த சங்கரலிங்கத்துக்கு மூக்குக்கு நேரே இருந்தது. தலையைத் திருப்பினான். புகைக் குழாயில் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஹாஜாவின் இடது கால் ஊன்றி நின்றது. செருப்பின் உள்விளிம்பு மெழுகாட்டம் வழிந்து போயிருந்தது. பாதத்தின் உள்பக்கம், பெருவிரல் மூட்டிலிருந்து நடுப்பாதம் வரை, வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் தோல் சுருண்டிருந்தது. ஹாஜா அந்தக் காலை அழுத்தி நின்றுகொண்டு இன்னும் பெல்ட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

"ஹாஜா. உக்காரு."

"என்னது? கண்டுபிடிச்சுட்டியா?"

"உக்காருலே!"

அவன் குரலைக் கேட்டு ஹாஜா குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிரேக்கைக் கைக்கு மாற்றினார்கள், எண்ணெய்க் குச்சியைக் கைக்கு மாற்றினார்கள், காலுக்கு ஒரு வேலை இல்லாமல் பண்ணினார்கள். அந்தக் கால் அங்கேயே, வாரில் செருகிக் குழாய் ஓரமாக இருக்கப் போகிறது என்று ரெண்டு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. சுட்டால் எடுத்துக்க மாட்டேனா என்று அவன் சொன்னான், சரிதானே என்று இவன் போல்ட்டை முடுக்கினான். உலகத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சு. அந்தக் காலுக்கு அது பொருந்தாது என்பது அன்றைக்கு மத்தியானமே தெரிந்துபோன பிறகும், அந்த போல்ட்டை நினைத்துப் பார்க்க ஆளில்லை.

"அப்ரோஸ்ட்ட சொல்லாத" என்றான் ஹாஜா. "கல்லு தட்டிருச்சும்பேன்."

"மூடு வாயை" என்றான் சங்கரலிங்கம். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அந்தக் காலில் ஊற்றினான். துண்டை நனைத்துச் சுற்றினான். "சொல்லாம சொல்லாமத்தான்லே நீ இங்க வந்து நிக்கிற." வண்டியை வேலி ஓரம் சாய்த்துவிட்டு, அவனைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நேரே வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கி, தானே அப்ரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். குழாயை வளைத்தது தான்தான் என்பதையும் சொன்னான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துண்டைப் பிரித்துப் பார்த்தாள், திரும்பச் சுற்றினாள். "உங்களைய நான் ஒண்ணும் சொல்லலண்ணே" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் சங்கரலிங்கத்துக்கு அந்த வீட்டுப் படி ஏறத் தைரியம் வரவில்லை. தினமும் போன் போடுவான். சமீனா எடுப்பாள். "இன்னும் ஆறல மாமா" என்பாள். பிறகு "நிறம் மாறுது மாமா" என்றாள். பிறகு "மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாக. எடுக்கணுமாம். எது வரைக்கும்னு திறந்து பாத்துத்தான் சொல்வாகளாம்" என்றாள். சங்கரலிங்கம் லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போர்டைப் பார்த்தான். 'ஜா' தெரிந்தது.

மறுநாள் காலையில் பட்டறை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஹாஜா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கால் தலையணை மேல் மூட்டையாக இருந்தது. பக்கத்தில் அப்ரோஸ், அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் சமீனா. மதுரைக்குப் போகிற வண்டி பந்தல்குடி ரோட்டுக்கு வர வேண்டியதே இல்லை. திருப்பச் சொல்லித்தான் வந்திருக்கிறான்.

"என்னலே இங்குட்டு? நேரமாகலையா?" சங்கரலிங்கம் கையிலிருந்த எண்ணெய்யைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இல்லைன்னா இன்னொரு இருபது வருசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ." ஹாஜா முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. "குவைத்துக்குக் கெளம்புற அன்னைக்கு உன்ட்ட சொல்ல வந்தேன். நீ ஏணியை வாங்க அலைஞ்சுக்கிட்டு இருந்த. உன்ட்ட முகம் குடுத்துப் பேசியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அதான் அப்படியே திரும்பிட்டேன்."

இருபது வருசமாகச் சங்கரலிங்கம் இதற்கு எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். இப்போது துணியைத்தான் மடித்தான்.

"வண்டி எங்க?" என்றான் ஹாஜா.

"உள்ளதான் நிக்குது. காட்டுலருந்து அன்னைக்கே தூக்கிட்டு வந்துட்டேன். பிரிச்சுப் போட்டுறவா?"

அப்ரோஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். சங்கரலிங்கத்தை ஒரு தடவை பார்த்தாள், புருசனை ஒரு தடவை பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று சங்கரலிங்கம் துணியை இறுக்கிப் பிடித்தான். அவள் தலையணையை நேராக்கிவிட்டு, மறுபடி திரும்பிக்கொண்டாள்.

"பிரிக்காத." ஹாஜா கதவுக் கண்ணாடி மேல் கையை வைத்து முன்னால் சாய்ந்தான். "குழாயைக் கழட்டி வலது பக்கம், செயினுக்கு மேல தூக்கிக் கொண்டு போ. காலு படாத ஒசரத்துல. இடது பெடலை எடுத்துரு. எனக்கு வலது பெடலு போதும். இடது பக்கம் காலை வைக்கிற மாதிரி ஒரு தட்டு அடிச்சு வை. சுத்தி விளிம்பு தூக்கிவிடு."

"என்ன அளவு?" என்றான் சங்கரலிங்கம். குனிந்து, கட்டுப்போட்ட காலைக் கண்ணால் அளக்கப் போனான்.

"இப்ப எடுக்காதலே. வெட்டுன பெறகு போன் பண்றேன், அப்பக் குறிச்சுக்க."